அரிதினும் அரிது – 9: பிஸ்மத் உடைந்த ஐந்து நாட்கள்

கரும்பொருள் துகளைத் தேடுகிறவர்கள் ஏன் மலைக்கு அடியில் போய் உட்காருகிறார்கள் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் இத்தாலியின் கிரான் சாஸோ சுரங்கத்துக்குள் நுழைவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன், பாரிஸை ஒட்டிய ஓர்சேயில் கண்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாரம் முழுக்கப் பார்ப்பவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிஸ்மத் என்ற உலோகம், வயிற்றுப்புண் மருந்துகள் சிலவற்றில் இருப்பது. அணு எண் 83. நிலையான தனிமங்களின் வரிசையில் கடைசி இதுதான், இதைத் தாண்டினால் எல்லாமே கதிரியக்கம் என்று பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தன. கோட்பாட்டாளர்களுக்கு மட்டும் ஒரு சந்தேகம். பிஸ்மத்-209 அணுக்கரு ஓர் ஆல்ஃபா துகளை உமிழ்ந்து தாலியம்-205 ஆக மாறினால் 31.4 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்பட வேண்டும். நிறைகளைக் கூட்டிக் கழித்தால் அதற்கு இடம் இருந்தது. நடந்ததைப் பார்த்தவர்தான் எவரும் இல்லை.

ஓர்சேயில் பியர் த மர்சியாக், நோயல் கொரோன் குழுவினர் கரும்பொருளைத் தேடுவதற்கான உணர்கருவிகளைச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது பிஸ்மத், ஜெர்மானியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த, கண்ணாடி போலத் தெளிந்த படிகம். பெட் ஸ்கேன் இயந்திரங்களில் நெடுநாள் உழைத்த அதே படிகம்தான்; காமா கதிர் பட்டால் ஒளிரும். மருத்துவமனையில் அறை வெப்பநிலையில் வேலை செய்வதை இவர்கள் தனிச்சுழிக்கு மேல் 0.02 டிகிரி வரை குளிர்வித்தார்கள்.

அவ்வளவு குளிர் எதற்கு? இப்படிப்பட்ட படிகங்களில், ஆழ்ந்த குளிரில், வெப்பநிலையைப் பத்தில் ஒரு பங்காக்கினால் வெப்ப ஏற்புத்திறன் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அந்த நிலையில் ஒரே ஒரு துகள் வந்து மோதினாலும் படிகம் முழுவதும் அளக்கக்கூடிய அளவுக்குச் சூடேறும். ஏறிய சூட்டிலிருந்து துகளின் ஆற்றல் தெரிந்துவிடும். ஆனால் மோதியது எது என்று சூடு சொல்லாது. அதைச் சொல்வது ஒளி. ஒரே ஆற்றல் கொண்ட காமாவைவிட ஆல்ஃபா குறைவாகவே ஒளியை எழுப்பும். ஆகவே படிகத்தில் ஒரு வெப்பமானி, எதிரே ஒளியை வாங்கிச் சூடாகும் மெல்லிய தகட்டில் இன்னொன்று. இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வந்தது யார் என்று தெரிந்துவிடும்.

ஆல்ஃபாக்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, எதிர்பாராத ஓர் இடத்தில் ஒரு கோடு எழுந்து நின்றது. 31.4 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட். ஐந்து நாட்களில் 128 நிகழ்வுகள். வெளியிலிருந்து வந்த மாசு எதற்கும் அந்த ஆற்றல் பொருந்தவில்லை. படிகத்துக்குள்ளேயே இருந்த பிஸ்மத் உடைந்துகொண்டிருந்தது. 2003 ஏப்ரலில் நேச்சர் இதழில் முடிவு வெளியானது: பிஸ்மத்-209இன் அரை ஆயுள் 19க்குப் பின் 18 பூஜ்ஜியங்கள் போட்டால் வருகிற ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதைப்போல ஏறக்குறைய 138 கோடி மடங்கு!

இந்த எண்ணைக் கிராமுக்கு இறக்கிப் பார்த்தேன். ஒரு கிராம் பிஸ்மத்தில் ஆண்டுக்குச் சுமார் 105 அணுக்கள் உடையும். அதாவது, மூன்றரை நாளைக்கு ஒன்று. இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் உடம்பிலோ பொட்டாசியம்-40 மட்டுமே விநாடிக்குச் சுமார் 4,000 முறை சிதைகிறது. அத்தனை இரைச்சல் நிறைந்த உலகத்தில், மூன்றரை நாளுக்கு ஒருமுறை வரும் ஒன்றைத் தனியே பிரித்து எடுத்திருக்கிறார்கள். ஆல்ஃபாவை ஒரு காகிதம் தடுத்துவிடும். வெளியே கருவி வைத்துக் காத்திருந்தால் பெரும்பகுதி உலோகத்துக்குள்ளேயே அடங்கிப்போகும். இங்கே உடைகிற பொருளும் அளக்கிற கருவியும் ஒன்றே என்பதால் எதுவும் தப்பவில்லை. அன்றோடு நிலையான தனிமங்களின் கடைசி இடம் ஈயத்துக்குப் போயிற்று.

கரும்பொருள் துகள் இன்றுவரை சிக்கவில்லை. அதனால் இந்தத் தேடலை வீண் என்பவர்களுக்கு என் பதில் பிஸ்மத்தான். தெரிந்த இரைச்சல் ஒவ்வொன்றையும் அடக்கக் கற்றுக்கொண்டால், இதுவரை எவருக்கும் கேட்காத ஒன்று கேட்கத் தொடங்கும். அது தேடிப் போனதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

இன்னொரு சான்றும் உண்டு. கிரான் சாஸோவின் கிரெஸ்ட் குழு ஆரம்பத்தில் நீலமணிப் படிகங்களைத்தான் வைத்திருந்தது. ஓடத் தொடங்கியதும் காரணம் தெரியாத துடிப்புகள் குவிந்தன. தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தார்கள்: பிடிமானம் மிக இறுக்கம், அந்த அழுத்தத்தில் படிகம் நுண்ணிய விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. சில நூறு அணுப்பிணைப்புகள் அறுந்தாலே கருவி பதிவு செய்துவிடும். விட்டுத்தள்ள வேண்டிய அந்தத் தரவை அவர்கள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். சிறிய விரிசல்கள் எத்தனை, பெரியவை எத்தனை என்ற பங்கீடு, நிலநடுக்கங்கள் பின்பற்றும் அதே வகைக் கணித விதிக்கு உட்பட்டிருந்தது! 2006இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள்.

நீலமணிக்குப் பிறகு அந்தக் குழு கால்சியம் டங்ஸ்டேட் படிகத்துக்கு மாறியது. கரும்பொருளைத் தேடி வைத்த அந்தப் படிகமும் டங்ஸ்டன்-180 உடைவதைக் காட்டிக்கொடுத்தது. அந்தப் படிகத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், ஆக்சிஜன், கால்சியம், டங்ஸ்டன் என்று மூன்று எடைகளில் அணுக்கள் இருப்பதால் என்ன லாபம் என்பதை அடுத்த வாரம் சுரங்கத்துக்குள் போய்ப் பார்ப்போம்.

(தொடரும்)