சங்கிலியும் கம்பிவடமும்: மரக்குற்றி இழுப்பில் ஒரு தேர்வு

கருவியின் தேர்வு வெறும் தொழில்நுட்பப் பிரச்சினையன்று. உழைப்பவனின் உயிரும் அதில் அடங்கியுள்ளது. சிறு உழவு இயந்திரங்களைக் கொண்டு மரக்குற்றி இழுக்கும் தொழில் இதற்குத் தக்க சான்றாகும்.

சங்கிலி பாரமானது, எனினும் கல்லிலும் மண்ணிலும் உராய்வதைத் தாங்கும், குற்றியை இறுகப் பற்றும். ஆனால் ஒரு வளையத்தின் குறையே முழுச் சங்கிலியின் பலத்தையும் நிர்ணயிக்கும். இக்குறைபாடே 1834 இல் ஜேர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் அல்பேர்ட் கம்பிவடத்தை உருவாக்கத் தூண்டிற்று. பல கம்பிகள் சுமையைப் பங்கிடுவதால், ஒன்று அறுந்தாலும் வடம் உடனே அறாது. அறுந்த கம்பி முன்னெச்சரிக்கையாகும். ஆயின் மடிந்து முறுகிய வடம் பலமிழக்கும். இழுவிசையில் அறுந்தால் சாட்டைபோல் மீளும்.

எனவே குற்றியைக் கட்டச் சங்கிலியும், நீண்ட தூர இழுப்புக்கு இலேசான வடமும் பெரும்பாலும் பொருந்தும். இவற்றின் பலத்தைக் குற்றியின் நிறையைக் கொண்டன்று, இயந்திரத்தின் உச்ச இழுவிசையைக் கொண்டே கணித்தல் வேண்டும். குற்றி வேர்க்கட்டையில் சிக்கியதும் இழுவிசை அவ்வெல்லைவரை உயரக்கூடும். 8 மி.மீ. தடிப்புள்ள 80 ஆம் தரச் சங்கிலியின் வேலைச் சுமை 2 தொன். அறுபடு சுமை ஏறத்தாழ 8 தொன். இந்த நான்கு மடங்கு வீண்செலவன்று. அதைக் குறைத்து மிச்சம்பிடிப்பவர் முதலாளி. அதற்கு விலை கொடுப்பவன் வடத்தருகே நிற்கும் தொழிலாளி.