கூடிக் கற்போம் – 12: ஆறு மாதம் விடை வராத கேள்வி

"அறிவியல் என்றால் சரி, சேர்ந்து பரிசோதனை செய்யலாம். கணக்கைத் தனியாக உட்கார்ந்துதானே போட வேண்டும்? அதில் கூடிப் பேச என்ன இருக்கிறது?" இந்தத் தொடரைப் படிக்கும் பெற்றோர்கள் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. நியாயமான சந்தேகம்தான். அதற்கான பதில் நம் மண்ணிலேயே நூறாண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு காரியத்தில் இருக்கிறது.

வி. ராமசாமி ஐயர் அப்போது அனந்தப்பூர் மாவட்டத்துக் குத்தியில் டெபுடி கலெக்டர். வேலை ரெவின்யூ இலாகாவில், மனசு கணிதத்தில். மாணவப் பருவத்திலேயே லண்டனிலிருந்து வந்த 'எஜுகேஷனல் டைம்ஸ்' பத்திரிகையின் கணிதப் பகுதிக்கு எழுதியவர். வெளிநாட்டுக் கணித இதழ்களையும் புத்தகங்களையும் தனியொருவர் விலை கொடுத்து வாங்க முடியாது என்பது அவருக்குப் பெரிய குறை. 1906-இன் இறுதியில் நண்பர்களுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் கடிதம் எழுதினார். எல்லோரும் சந்தா போட்டு இதழ்களை வாங்குவோம், தபாலில் ஒருவர் மாற்றி ஒருவர் படிப்போம் என்பதுதான் யோசனை. 1907-இல் இருபது பேரோடு 'அனலிட்டிக் கிளப்' தொடங்கியது. அதுதான் பிறகு இந்தியக் கணிதக் கழகம் ஆனது. நூலகம் புனே பெர்குசன் கல்லூரியில் இருந்தது. அங்கிருந்து இதழ்கள் ஊர் ஊராகப் பயணம் போயின.

1909-இல் கழகம் சொந்தமாக ஓர் இதழைத் தொடங்கியது. அதில் கேள்விகளுக்கென்றே ஒரு பகுதி. யாரும் கேள்வி அனுப்பலாம், யாரும் விடை அனுப்பலாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் உண்டு. விடை வரும்வரை கேள்வி அங்கேயே நிற்கும்.

1910-இல் திருக்கோவிலூரில் இருந்த ராமசாமி ஐயரைத் தேடி, குமாஸ்தா வேலை கேட்டு ஓர் இளைஞர் வந்தார். எஃப்.ஏ. தேறாதவர். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர், தாலுகா ஆபீஸ் வேலையில் இவரை அமுக்கிவிடக் கூடாது என்று முடிவுசெய்தார். வேலை கொடுக்கவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். கழகத்தைச் சேர்ந்த பி.வி. சேஷு ஐயர் வழியாக அந்த இளைஞர் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் போய்ச் சேர்ந்தார். ராவும் கழகத்துக்காரர்தான். மாதம் 25 ரூபாய் கொடுத்துக் கணிதத்தைத் தொடரச் சொன்னார். வந்தவர் சீனிவாச ராமானுஜன். இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதியது 1913-இல். அதற்கு முன்பே அவர் கணக்கைப் புரிந்துகொள்ள முயன்று, அவருக்குச் சோறு போட்டது இந்தச் சிறு கூட்டம்தான்.

1911-இல் கழகத்தின் இதழில் ராமானுஜனின் கேள்வி ஒன்று வந்தது. எண் 289. கீழே உள்ளதன் மதிப்பு என்ன?

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகிறது. ஆறு மாதமாகியும் ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் ராமானுஜனே எழுதினார். விடை 3.

அவர் வழி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். 3 என்பது √9. ஒன்பதை 1 + 2×4 என்று எழுதலாம். அந்த 4 என்பது √16. பதினாறை 1 + 3×5 என்று எழுதலாம். அந்த 5 என்பது √25, அதாவது √(1 + 4×6). இப்படியே போய்க்கொண்டிருந்தால் கேள்வியில் உள்ள கோவை அப்படியே விரிந்துவிடும்.

எவ்வளவு அழகு! இதைக் கரும்பலகையில் எழுதினால் வகுப்பே வியந்துபோகும். ஆனால் கூடிக் கற்கும் இடத்தில் யாராவது ஒருவர் கையைத் தூக்குவார். "சார், 4-ஐ வைத்தும் இதையே செய்யலாமே?" செய்து பாருங்கள். 4 என்பது √16. பதினாறு என்பது 1 + 2×7.5. அந்த 7.5-இன் வர்க்கம் 56.25. அது 1 + 3×18.41… இப்படியே இதுவும் முடிவில்லாமல் விரியும். அப்படியானால் விடை 3-ஆ, 4-ஆ?

இந்த இடத்தில்தான் உண்மையான கணிதம் தொடங்குகிறது. முடிவில்லாத கோவைக்கு மதிப்பு என்றால் என்ன பொருள்? ஓரிடத்தில் வெட்டிக் கணக்கிட வேண்டும். பிறகு வெட்டும் இடத்தைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். √(1+2) என்று நிறுத்தினால் 1.73. அடுத்த படியில் 2.24, பிறகு 2.56, பிறகு 2.76. எண்கள் 3-ஐ நோக்கி ஏறுகின்றன, 3-ஐத் தாண்டுவதில்லை. ராமானுஜன் விரித்தபோது உள்ளே கிடைத்தவை 4, 5, 6 என்று நிதானமாக வளரும் எண்கள். நாம் 4-இல் தொடங்கியபோது கிடைத்தவை 7.5, 18.4, 84.5 என்று தறிகெட்டு ஓடுகின்றன. வெட்டும்போது அந்த ஓட்டம் நம் கையை விட்டுப் போய்விடுகிறது. அதனால்தான் 4 விடை ஆகாது.

இதைப் பொதுவிதியாகவே நிறுவியவர் தி. விஜயராகவன். எந்த மாதிரியான அடுக்கு வர்க்கமூலங்களுக்குத் திட்டமான மதிப்பு உண்டு என்று அவர் கண்டது, 1927-இல் வெளியான ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பின் பின்னிணைப்பில் இடம்பெற்றது. பின்னாளில் சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவரே. ஒரு தமிழர் 1911-இல் கேட்டதை இன்னொரு தமிழர் முழுமையாக்கினார். ராமானுஜன் கேள்வியைத் தன் நோட்டிலேயே வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

கழகம் ராமானுஜனுக்குக் கொடுத்தது இன்னொன்றும் உண்டு. அவருடைய முதல் கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, 1911-இல் அதே இதழில் வந்தது. ஆசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் பெங்களூரில் இருந்தார். ராமானுஜன் படிகளைத் தாவித் தாவி எழுதுவார், மற்றவர்களால் பின்தொடர முடியாது. கைப்பிரதி இருவருக்கும் இடையே பலமுறை போய்வந்த பிறகே அச்சேறியது. பிறருக்குப் புரியும்படி எழுது என்று ராமானுஜனுக்கே சொல்ல வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் என்ன தப்பு?

அந்த இதழுக்கு அவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட கேள்விகளை அனுப்பினார். அவற்றில் சில, ஒருசில மாதங்களிலேயே தீர்ந்தன. 1913-இல் வந்த 464-ஆம் கேள்வி அப்படித் தீரவில்லை. 2-ஐ இரண்டாலேயே பெருக்கிக்கொண்டே போய், கிடைப்பதில் 7-ஐக் கழியுங்கள். 8-இல் கழித்தால் 1. 16-இல் கழித்தால் 9. 32-இல் 25. 128-இல் 121. 32,768-இல் கழித்தால் 32,761. அது 181-இன் வர்க்கம். மற்ற நான்கும் முழு வர்க்கங்களே. இப்படி வர்க்கமாக வரும் இந்த ஐந்தைக் கொடுத்து, வேறு இருந்தால் கண்டுபிடியுங்கள் என்றார். வேறு கிடையவே கிடையாது என்று நார்வேயின் டிரிக்வே நாகெல் நிரூபித்தது 1948-இல். ராமானுஜன் மறைந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று இருவர் பெயரையும் சேர்த்தே அந்தச் சமன்பாட்டை உலகம் அழைக்கிறது.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். பிள்ளை ஒரு கணக்கில் முட்டி நிற்கிறது. கேள்வியைப் படமெடுத்து அனுப்பினால் அடுத்த நிமிடம் விடை செல்போனில் வந்து நிற்கிறது. அதைப் பார்த்து எழுதினால் ஸ்டெப் மார்க்கும் கிடைக்கும். ஆனால் "4-ஐ வைத்தும் செய்யலாமே" என்று கேட்க வேண்டிய அந்தத் தருணம் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகிறது. கணக்கு வராது என்று ஒதுங்கும் பிள்ளைகளில் பலருக்கு இல்லாதது அறிவு அல்ல. தவறாக ஒன்றைச் சொல்லி, அது ஏன் தவறு என்று நாலு பேரோடு பேசிப்பார்க்க ஓர் இடம்தான் அவர்களுக்கு இல்லை.

அந்த இடத்தை உண்டாக்கப் பெரிய செலவு இல்லை. ஆசிரியர்களே, வகுப்பின் ஒரு மூலையில் வாரம் ஒரு கேள்வியை எண் போட்டு எழுதிவையுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். யார் வேண்டுமானாலும் வழியை எழுதி ஒட்டட்டும், அடுத்தவர் அதில் ஓட்டையைக் காட்டட்டும். தவறான வழிக்கும் பெயர் போட்டு மரியாதை கொடுங்கள். டியூஷன் எடுப்பவர்களும் இதைச் செய்யலாம்.

பெற்றோருக்கு ஒரு கேள்வி தருகிறேன். இதுவும் ராமானுஜன் 289-ஆம் கேள்வியோடு சேர்த்துக் கேட்டதுதான்.

√(6 + 2√(7 + 3√(8 + …)))

விடை 4 என்று நானே சொல்லிவிடுகிறேன். ஏன் 4 என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். விடை உடனே வராவிட்டால் பதற வேண்டாம். அன்று இதைப் படித்த கணிதப் பேராசிரியர்களுக்கே ஆறு மாதம் போதவில்லை.

(தொடரும்)