சனி அல்ல, பணி!

"ஏழரை நாட்டுச் சனி பிடித்திருக்கிறது" என்கிறார் சோதிடர். "கண்ணேறு பட்டுவிட்டது" என்கிறாள் பாட்டி. "சோம்பல், வேறென்ன?" என்று கைவிரிக்கிறார் தகப்பனார். பெங்களூரில் கணினி வேலை பார்த்து, கை நிறையச் சம்பளம் வாங்கும் வாலிபன், விடுமுறைக்கு ஜேடர்பாளையம் வந்து, வாய் திறந்து பேசாமல், திண்ணையில் அமர்ந்து தென்னையையே வெறித்துக்கொண்டிருந்தால், ஊர் கூறும் காரணங்கள் இவை மூன்று. மூன்றும் தவறு என்கிறோம் நாம். அவனைப் பிடித்திருப்பது சனி அல்ல, பணி!

இதை விளக்க வெளியூர் உவமை வேண்டியதில்லை. காவிரி நீர் அணையில் தேங்கி, ராஜ வாய்க்காலில் புகுந்து, கரும்பையும் வாழையையும் வெற்றிலைக் கொடியையும் வளர்க்கும் பூமி இது. கரும்பு ஆலைக்கு வருகிறது. சாறு கொப்பரைக்குப் போகிறது. சக்கை வெயிலில் காய்கிறது. காய்ந்த சக்கையே கொப்பரையின் அடியில் நெருப்பாகிறது! சாற்றைத் தந்த கரும்பு, அந்தச் சாற்றைக் காய்ச்சத் தன் உடலையும் தருகிறது. வெல்லம் ஏலத்திற்கு, கரும்பு சாம்பலுக்கு! கரும்புக்கு அது சரி. மனிதனுக்கு?

நியூயார்க் நகரத்து உளவியல் அறிஞர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டாற்ற வந்தவர்களைக் கவனித்தார். ஆர்வம் பொங்க வந்தவர்கள், நாளடைவில் களைத்து, கசந்து, சிடுசிடுத்து நிற்பதைக் கண்டார். எரிந்து தீர்ந்துபோதல் என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டி, 1974-ல் கட்டுரை எழுதினார். கவனியுங்கள்! எரிந்துபோனவர்கள் சோம்பேறிகள் அல்லர், மனமுவந்து உழைத்தவர்கள். ஏற்றாத விளக்கில் எண்ணெய் எப்படித் தீரும்?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதற்கு இலக்கணம் வகுத்தது. இது நோய் அல்ல, தொழிலால் விளையும் நிலை. பணியிடத்து நெருக்கடி நீண்ட நாள் தீர்க்கப்படாமல் கிடப்பதால் வருவது என்றது. அடையாளங்கள் மூன்று. முதலாவது, சக்தி முழுவதும் வடிந்துபோன களைப்பு. இரண்டாவது, செய்யும் தொழிலிடமிருந்தே மனம் விலகுவது, வெறுப்பது. மூன்றாவது, "நம்மால் ஒன்றும் ஆகாது" என்று திறமை குன்றுவது. சாதாரணக் களைப்பு ஓர் இரவு உறக்கத்தில் தீரும். இது, உறங்கி எழுந்தாலும் கூடவே எழுந்து உட்காரும். அதுதான் வேறுபாடு.

காரணம்? அறிஞர் கிறிஸ்டினா மாஸ்லாக், தம் தோழர் மைக்கேல் லைட்டருடன் ஆய்ந்து ஆறு காரணங்கள் கூறினார். அளவு மீறிய வேலை, தன் வேலையில் தன் சொல்லுக்கு இடமின்மை, உழைப்புக்கேற்ற பலனின்மை, தோழமையின்மை, நேர்மையின்மை, மனத்திற்கு ஒவ்வாத நோக்கம். ஆறும் பணியிடத்தைப் பற்றியவை. ஒன்றேனும் ஜாதகக் கட்டத்தைப் பற்றியதா? பரிகாரம் செய்தால் நிர்வாகம் வேலையைக் குறைக்குமா? எள் விளக்கு ஏற்றினால், நள்ளிரவில் வரும் மேலதிகாரியின் தொலைபேசி அழைப்பு நிற்குமா?

கணினிக்காரர் கதை மட்டுமல்ல இது. நாமக்கல் என்றாலே நாட்டுக்கு நினைவு வருவது லாரி. இரவெல்லாம் கண் விழித்து மாநிலம் மாநிலமாக ஓட்டும் தோழனைக் கேளுங்கள். கொப்பரை அனலில் நிற்கும் ஆலைத் தொழிலாளியைக் கேளுங்கள். பகலெல்லாம் பள்ளியில் பாடம் நடத்தி, மாலையில் வீடு திரும்பியதும் அடுப்படியில் அடுத்த வேலையைத் துவக்கும் ஆசிரியையைக் கேளுங்கள். சம்பளம் வேறு, சக்கை ஒன்றுதான்!

இது வெறும் மனக்குறையும் அல்ல. உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். நீண்ட நேர உழைப்பு காரணமாக, பக்கவாதத்தாலும் மாரடைப்பு நோயாலும் 2016-ஆம் ஆண்டில் மட்டும் மாண்டவர் 7,45,000 பேர். வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி உழைப்போரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவிகிதம் அதிகம்.

இந்தக் கணக்கு வெளிவந்த பிறகுதான், 2023-ல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன், 90 மணி வேண்டும், ஞாயிறும் வேண்டும் என்றார். வாரம் ஆறு நாள் என்றால், நாளுக்கு 15 மணி! மிச்சம் ஒன்பது மணியில் உண்பது எப்போது, உறங்குவது எப்போது, பெற்ற குழந்தையின் முகம் பார்ப்பது எப்போது?

எட்டு மணி என்பது எவரும் இட்ட பிச்சை அல்ல, தோழர்களே! 1886-ல் சிகாகோவில் குருதி சிந்திக் கேட்டது. 1919-ல் உலகத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையில் எழுதியது. 1923-ல் சிங்காரவேலர் சென்னையிலே மே நாள் கொடியேற்றி முழங்கியது. 1942-ல் தொழிலாளர் துறைப் பொறுப்பேற்ற அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் மாநாட்டிலே முன்வைத்தது.

மறைப்பானேன்? 2023 ஏப்ரலில், 12 மணி வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. அதுவும் கழக ஆட்சியிலே! தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கழகத்தின் தொழிலாளர் முன்னேற்றச் சங்கமும் எதிர்த்தது. மே நாளன்று, அது திரும்பப் பெறப்பட்டதாக மு.க.ஸ்டாலின் அறிவித்தார். தொழிலாளி குரல் கொடுத்தால் நம் அரசும் செவி சாய்க்க வேண்டும், சாய்த்தது. அதே அரசுதான், 2021-ல், கடைகளில் நாள் முழுதும் கால் கடுக்க நின்ற ஊழியர்க்கு அமரும் உரிமையைச் சட்டமாக்கிற்று. நாற்காலி சிறிது, அது தரும் மானம் பெரிது!

சரி, இன்று செய்ய வேண்டியது என்ன? அறிகுறி கண்டவர் அதை மறைக்க வேண்டாம், கூற வேண்டும். எத்தனை மணி உழைக்கிறோம் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். கணக்கைக் கண்டால் உங்களுக்கே உண்மை புரியும். அந்தக் கணக்கோடு மேலதிகாரியிடம் பேசுங்கள். உறங்கும் நேரத்தில் தொலைபேசியை அணையுங்கள். எடுக்கும் விடுப்பு உரிமை. எடுக்காத விடுப்புக்கு எவரும் விருது தரப்போவதில்லை. தனியாகப் பேச அஞ்சினால் சங்கமாகப் பேசுங்கள். பணியிடத்தில் ஊறும் துன்பம், தனி மனிதன் மூச்சுப் பயிற்சியால் மட்டும் தீர்ந்துவிடாது. வீட்டார், "சோம்பேறி" என்ற சொல்லைச் சொல்லாதிருங்கள். ஆண்பிள்ளைகள் அடுப்படி வேலையில் பங்கேற்கட்டும். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், ஒரு நாளும் தள்ளாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனை உண்டு. மந்திரவாதிக்குக் கொடுக்கும் காசு மிச்சம், மகனும் மிஞ்சுவான்.

ராஜ வாய்க்காலிலும் தூர் வார, மதகு சீர் செய்ய, தண்ணீரை நிறுத்துவதுண்டு. அந்நாட்களில் எந்த உழவனும் வாய்க்காலைச் சோம்பேறி என்று ஏசுவதில்லை. நிறுத்தினால்தான் நாளை பாயும் என்று அவனுக்குத் தெரியும். மண்ணுக்கும் நீருக்கும் நாம் தரும் அந்த நீதியை, மனிதனுக்கும் தரச் சொல்கிறோம்!