கணக்குகளுக்கு ஒரு மறுபிரதி

மும்பையில் மித்தி ஆற்றின் தென்கரையில் தாராவியும் வடகரையில் பாந்திரா-குர்லா வளாகமும் அமைந்துள்ளன. தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தாராவிக்கு எதிரேயுள்ள அவ்வளாகத்திலேதான் தேசியப் பங்குச் சந்தையின் தலைமையகம் இருக்கிறது. 2021 பிப்ரவரி 24-ஆம் தேதி முற்பகல் 11.40 மணிக்கு அச்சந்தையில் வியாபாரம் நின்றது, பிற்பகல் 3.45 மணிக்குத்தான் மீண்டும் தொடங்கிற்று. காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுவிடக் கருதியிருந்தோர் நடுவழியில் நிறுத்தப்பட்டனர். தரகர்கள் சிலர் அவர்களுடைய கணக்குகளை மற்றொரு சந்தையில், கிடைத்த விலைக்கு முடித்தனர்.

இத்தனைக்கும் கணக்குகள் எவையும் அழிந்துபோகவில்லை. பிரதான நிலையத்தின் தகவல்களுக்கு அதே நகரில் ஒரு மறுபிரதியும், சென்னையில் வேறொரு மறுபிரதியும் இருந்தன. பின் ஏன் வியாபாரம் நின்றது? இதனை அறியப் பிரதி எடுக்கும் முறைகளைச் சற்று நோக்குதல் வேண்டும்.

கார்பன் தாள் வைத்து ரசீது எழுதுபவரின் பேனா மேல்தாளில் பதியும்போதே அடித்தாளிலும் பதிந்துவிடுகிறது. ஒரு சேமிப்புக் களஞ்சியத்தில் எழுதப்படுவது இரண்டாவது களஞ்சியத்திலும் எழுதப்பட்டு, ‘பதிந்தது’ என்ற மறுமொழி வந்த பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்வது இம்முறையாகும். இதில் நஷ்டமாவது ஏதுமில்லை. ஆயினும் தூரம் தடையாகிறது. கண்ணாடி இழையினுள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். மும்பையிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். போய்வரக் குறைந்தது விநாடியில் நூறில் ஒரு பங்கு வேண்டும். சிறு காலந்தான், எனினும் விநாடிதோறும் ஆயிரக்கணக்கான ஆணைகளை ஏற்கும் யந்திரம் ஒவ்வொன்றுக்கும் அவ்வாறு காத்திருத்தல் இயலாது.

ஆகவே அண்மை நிலையத்திற்குக் கார்பன் முறையும், தொலை நிலையத்திற்குத் தபால் முறையும் கையாளப்படுகின்றன. அண்மைப் பிரதி ஒன்றே போதாதோ எனக் கேட்கலாம். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, மித்தி கரைபுரண்டு இரு கரைகளும் மூழ்கின. தீ விபத்துக்குத் தப்பும் அண்மைப் பிரதி அத்தகைய மழைக்குத் தப்புமென்று சொல்வதற்கில்லை.

தபால் முறைக்கு உயிராக இருப்பது வரிசைக் குறிப்பேடு. ஆங்கிலத்தில் ‘லாக்’ என்பர். கப்பலோட்டிகளிடமிருந்து வந்த சொல். ஒவ்வொரு மாற்றமும் எண்ணிடப்பட்டு இக்குறிப்பேட்டில் ஏறுகிறது. தொலைவிலுள்ள களஞ்சியம் அவ்வெண் வரிசையிலேயே அவற்றைப் பதிகிறது. ஏழாவது முன்னதாக வந்தால் ஆறாவது வரும்வரை அது காத்திருக்கும். ஒருவர் கணக்கில் பற்று எழுதப்படாமல் மற்றவர் கணக்கில் வரவு மட்டும் ஏறினால் அப்பிரதியால் பயன் யாது? இணைப்பு நெடுநேரம் அற்றுப்போய்க் குறிப்பேடு நிரம்பினால், மாறிய பக்கங்கள் எவையென்ற அடையாளம் மட்டும் வைக்கப்படும். இணைப்பு மீண்டதும் அப்பக்கங்கள் வரிசையின்றிச் செல்லும். அது முடியும்வரை தொலைப் பிரதி நம்பத்தக்கதன்று. எனவே முந்திய நல்ல நிலையைத் தனியே பாதுகாத்து வைத்த பின்னரே இவ்வேலையைத் தொடங்குவர்.

கார்பன் முறையில் இணைப்பு அற்றால் என் செய்வது? பேனாவையும் நிறுத்திவிடலாம், அன்றி அடித்தாளின்றியே எழுதிச் செல்லலாம். வியாபாரம் நடக்கும் இடத்தில் இரண்டாவதே வேண்டப்படுவது. 2021-இல் இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகளும் தடுமாறின. வழியில் நடந்த தோண்டு வேலைகள் காரணமாகக் கூறப்பட்டன. பிரதான களஞ்சியம் தனித்து இயங்கியிருக்க வேண்டும். ஆனால் அதுவே தன் கணிப்பொறிகளுக்கு மறுமொழி தராது நின்றது. தீர்வகத்தின் அபாயக் கணிப்பும் உடன் நின்றது. அக்கணிப்பின்றி வியாபாரத்தை அனுமதித்தல் தகாது.

சென்னை நிலையத்திற்கு அன்று மாறவில்லை. பிரதான நிலையத்திலேயே பழுது நீக்கப்பட்டது. பழுது இதோ நீங்கிவிடும் என்னும் நம்பிக்கை எவருக்கும் எளிதில் எழக்கூடியதே. அந்நம்பிக்கைக்குக் கெடு வைப்பதுபோல் 2021 மார்ச்சில் பங்குச் சந்தை ஒழுங்காணையமான ‘செபி’ ஒரு சுற்றறிக்கை விடுத்தது. முக்கியச் சாதனம் தடைப்பட்டால் 30 நிமிடங்களுக்குள் அதனை விபத்தென அறிவித்தல் வேண்டும்; அறிவித்த 45 நிமிடங்களுக்குள் மாற்று நிலையத்திலிருந்து இயங்குதல் வேண்டும்.

2024 மார்ச் 2-ஆம் தேதி, சனிக்கிழமையன்று, இதற்கொரு பரீட்சை நிகழ்ந்தது. காலை 9.15 முதல் 10 மணிவரை பிரதான நிலையத்திலிருந்தும், 11.30 முதல் 12.30 மணிவரை மாற்று நிலையத்திலிருந்தும் மெய்யான வியாபாரமே நடத்தப்பட்டது.