உழவர் வேடம் பூணும் விளையாட்டு

மணலிலே வீடு கட்டி, இலையிலே சோறு படைத்து, இல்லாத விருந்தினரை உபசரிப்பது நம் குழந்தைகளின் தொன்றுதொட்ட விளையாட்டு. அம்மணல் வீட்டைச் சிற்றில் என்றனர் முன்னோர். சிறுமியர் கட்டிய சிற்றிலைச் சிறுவன் சிதைக்க வருவதைப் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் ஒரு பருவமாகவே வகுத்துப் பாடினர். தன்னை வேறொருவராகப் பாவித்துக்கொள்ளுதல், கையிற் கிடைத்ததைக் கொண்டு புதியதொன்றைப் படைத்தல் ஆகிய இரண்டுமே அவ்விளையாட்டின் உயிர். இவ்விரண்டும் இன்று கணினித் திரைக்கும் வந்துவிட்டன. அங்கே நம் பிள்ளைகள் கட்டுவது மணல் வீடன்று, ஒரு பண்ணை.

இவ்வகைக் கணினி விளையாட்டுகளுக்கு வழிகாட்டியாக அமைந்தது 1996-ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த ஒன்று. அதன் ஜப்பானியப் பெயருக்குப் ‘பண்ணைக் கதை’ என்பது பொருள். பிற நாடுகளில் ‘ஹார்வெஸ்ட் மூன்’ என வழங்கிற்று. அதனை உருவாக்கிய யாசுஹிரோ வாடா, கியூஷு தீவிலுள்ள மியாசாகிப் பகுதியின் நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர். டோக்கியோ நகரில் குடியேறிய பின்னரே, விட்டுவந்த ஊரின் அருமை அவருக்குப் புலப்பட்டது. சண்டையே இல்லாத ஒரு விளையாட்டில் அந்த ஊர் வாழ்க்கையைப் படைத்துக் காட்ட முனைந்தார். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நமக்கு இதன் பொருளை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அதன் வழியில் தோன்றியது ‘ஸ்டார்டியூ வேலி’. எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நான்காண்டுகளுக்கு மேல் தனியொருவராக உழைத்து 2016-இல் இதனை வெளியிட்டார். அலுவலக வேலையில் சலிப்புற்ற ஒருவர், பாட்டனார் விட்டுச்சென்ற பாழ்நிலத்தைத் திருத்த வருகிறார். ஆடுபவர் ஏற்கும் பாத்திரம் இதுவே. தனக்கொரு பெயரும் பண்ணைக்கொரு பெயரும் அவரே சூட்டிக்கொள்கிறார். ஆண்டுக்கு நான்கு பருவங்கள். பருவத்துக்கு 28 நாட்கள். பருவம் தவறினால் பெரும்பாலான பயிர்கள் பட்டுப்போகும். எங்கே விதைப்பது, எங்கே கொட்டில் அமைப்பது, ஒரு நாளின் வலிமையை எதற்குச் செலவிடுவது, எந்த அண்டை வீட்டாருடன் உறவு கொண்டாடுவது என்பனவெல்லாம் ஆடுபவரின் விருப்பம். இன்னதுதான் முடிவு என்ற கட்டாயமில்லை. ஆதலால் ஒருவர் பண்ணையைப்போல் மற்றொருவர் பண்ணை இராது. இந்தச் சுதந்திரமே கற்பனைக்கு இடந்தருகிறது. இதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுதல் தகாது.

ஆயினும் இவ்வேடத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதனை அறிய, மெய்யான பண்ணை ஒன்றை அருகே வைத்துப் பார்த்தல் நலம். கொச்சித் துறைமுக வாயிலின் வடபால் நீண்டு கிடக்கிறது வைப்பின் தீவு. 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்ட பின் எறணாகுளத்திலிருந்து பேருந்திலேயே அங்குச் செல்லலாம். நாயரம்பலம், எடவனக்காடு, குழுப்பிள்ளி ஆகிய ஊர்ப்புறங்களில் பொக்காளி என்னும் நெல் விளையும் வயல்கள் உள்ளன. உவர்ப்பைத் தாங்கி நிற்பது அந்நெல்லின் சிறப்பு. 2008-இல் அது புவிசார் குறியீடும் பெற்றது.

கோடையில் வயல்நீரை வடித்து, மண்ணைச் சிறு சிறு மேடுகளாகக் கூட்டிவைப்பர். தென்மேற்குப் பருவமழை அம்மேடுகளின் உப்பைக் கரைத்துச் செல்லும். பின்னர் முளைவிட்ட விதையை மேட்டின் தலையில் தூவுவர். நாற்று வளர்ந்ததும் மேட்டைச் சிதைத்து, வேர்மண்ணோடு வயலெங்கும் பரப்புவர். உரமும் இடுவதில்லை, பூச்சிமருந்தும் தெளிப்பதில்லை. ஆள் உயரத்துக்கு வளரும் பயிரில் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு, தாளை நீரிலேயே விட்டுவிடுவர். நவம்பர் பிறந்தால் மதகு வழியே கடல்நீர் ஏறிவரும். அதனுடன் இறால் குஞ்சுகளும் வரும். மட்கிய தாள் அவற்றுக்கு இரையாக உதவும். ஏப்ரல் வரை அவ்வயலிலே இறால் பிடிப்பு நடைபெறும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எருவாகும். மதகை அவர்கள் ‘தூம்பு’ என்கின்றனர். நம் பழந்தமிழ்ச் சொல் அங்கே இன்றும் தொழில் செய்கிறது!

திரையில் மனிதன் உழவனாக வேடம் பூணுகிறான். வைப்பினில் நிலமே ஆண்டுக்கு இருமுறை வேடம் மாறுகிறது. திரைப் பண்ணையிலோ மண் எப்போதும் ஆடுபவர் சொற்படி கேட்கும். மழை பெய்தால் நீர் ஊற்றும் வேலை மிச்சம், அவ்வளவே. பொக்காளி வயலில் மழையே உப்பை வெல்லும் கருவி. எப்போது மதகைத் திறப்பது, எப்போது அடைப்பது என்பதைக் கடலின் ஏற்றவற்றம் நிச்சயிக்கிறது. வரப்பும் நீரும் பலருக்குப் பொதுவாதலின், அண்டை வயலாருடன் இணங்காமல் ஒருவர் மட்டும் பயிர்செய்ய இயலாது. விளையாட்டில் பரிசுப்பொருள் கொடுத்துப் பெறும் நட்பு, இங்கே பிழைப்புக்கே இன்றியமையாதது.

இவ்வுண்மையில் ஒரு வருத்தமும் அடங்கியிருக்கிறது. உழவர் வேடத்தைத் திரையில் ஏற்க உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் ஆவலோடு முன்வருகின்றனர். நீரில் நின்று பொக்காளிக் கதிர் அறுக்கவோ ஆட்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. கூலிச் செலவு மிகுதி. நெல்லின் வருவாய் குறைவு. இறாலின் ஆதாயம் பெரிது. ஆகவே நெல்லைக் கைவிட்டவர் பலர். தரிசாய்க் கிடக்கும் வயல்களும் உள. பாத்திரத்தை ஏற்பார் இல்லையேல் நாடகம் நின்றுபோகும் அன்றோ?

வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் பலருக்குப் பாட்டனார் ஊர் விடுமுறைக் காட்சியாக மட்டுமே தெரியும். அவர்கள் திரையில் பண்ணை அமைப்பதைக் கண்டால் தடுக்க வேண்டா. அருகில் அமர்ந்து, என்ன விதைத்தாய், ஏன் அங்கே விதைத்தாய் என்று வினவலாம். அடுத்து, வாழும் ஊருக்கு அருகிலுள்ள மெய்யான வயலொன்றுக்கு அறுவடைக் காலத்தில் அழைத்துச் செல்லலாம். கொச்சியில் இருப்போர் ஐப்பசி மாதத்தில் வைப்பினுக்குச் செல்லட்டும். விரலால் அறுத்த கதிரை நீரில் நின்று அறுப்பவரைப் பார்த்த குழந்தை, அன்று முதல் தன் திரைப் பண்ணையையும் வேறு கண்கொண்டு நோக்கும். தட்டில் விழும் சோற்றையும் அவ்வாறே நோக்கும்.