மண் குடிக்கும் மழை

ஒரே அளவு மழை இரண்டு இடங்களில் பெய்கிறது. ஓரிடத்தில் மழை நின்ற சற்று நேரத்தில் தரை உலர்ந்துவிடுகிறது. மற்றோரிடத்தில் நீர் குளம்போல் தேங்குகிறது. எஞ்சிய நீர் கால்வாயை நோக்கி விரைகிறது. மழையின் அளவில் வேறுபாடு இல்லை. அதை ஏற்றுக்கொண்ட மண்தான் வேறு. வெள்ளம் வந்தால் வானத்தைக் குறைகூறுவது எளிது. ஆயினும், பெய்த மழையில் எத்தனை பங்கு வெள்ளமாக மாறும் என்பதை முடிவு செய்வதில் மண்ணுக்கும் பெரும்பங்கு உண்டு.

தரையில் விழும் மழைநீர் மண்ணின் துளைகள் வழியே உள்ளே இறங்குவதை ஊடுருவல் என்பர். மண்ணுக்குள் இறங்க முடியாத நீர் தரையின்மேல் வழிந்து கால்வாய்களையும் ஆறுகளையும் சென்றடையும். இது வழிந்தோடும் நீர் எனப்படும். ஊடுருவல் மிகுந்தால் வழிந்தோடும் நீர் குறையும். ஊடுருவல் குறைந்தால் வழிந்தோடும் நீர் மிகும்.

மண்ணின் இந்த இயல்புக்கு முதற்காரணம் அதன் துகள்களின் அளவு. மணல் துகளின் குறுக்களவு 2 மில்லிமீட்டர் முதல் 0.05 மில்லிமீட்டர் வரை இருக்கும். வண்டல் துகள் அதைவிடச் சிறியது. 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவான மிக நுண்ணிய துகளே களித்துகள். மணல் துகள்களுக்கு இடையே பெரிய துளைகள் இருப்பதால் நீர் தடையின்றி இறங்குகிறது. களிமண்ணிலோ துளைகள் மிக நுண்ணியவை. வியப்பு என்னவென்றால், எல்லாத் துளைகளின் கொள்ளளவையும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் களிமண்ணே மணலை மிஞ்சிவிடும். களிமண்ணில் நீருக்கு இடம் இருக்கிறது. ஆனால், நீர் விரைந்து செல்ல வழியில்லை. மேலும், சில வகைக் களிமண் நனைந்ததும் வீங்கி, இருக்கும் வழிகளையும் அடைத்துக்கொள்ளும்.

தமிழில் செம்மண், கரிசல் மண், வண்டல் மண், களர்நிலம் என நிறத்தாலும் தன்மையாலும் மண்ணுக்குப் பெயரிட்டு அழைக்கும் வழக்கம் உண்டு. நீரியல் வல்லுநர்களின் பாகுபாடு இதிலிருந்து வேறுபட்டது. அது மண்ணின் நிறத்தையோ விளைச்சலையோ பார்ப்பதில்லை. ‘நன்றாக நனைந்த பிறகும் இந்த மண்ணுக்குள் நீர் எவ்வளவு விரைவாக இறங்கும்?’ என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது.

இந்தப் பாகுபாடு அமெரிக்காவில் உருவானது. அங்கு 1935ஆம் ஆண்டில் மண் பாதுகாப்புக்கென ஓர் அரசுத்துறை தொடங்கப்பட்டது. விளைநிலங்களிலிருந்து எவ்வளவு மழைநீர் வழிந்தோடும் என்பதை அத்துறையினர் முன்கூட்டியே கணிக்க வேண்டியிருந்தது. அந்நாட்டிலோ ஆயிரக்கணக்கான மண்வகைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக்கணக்குப் போடுவது இயலாத செயல். ஆகவே, நீரை ஏற்கும் திறனைக் கொண்டு அவற்றை ‘ஏ’, ‘பி’, ‘சி’, ‘டி’ என நான்கு பிரிவுகளாக்கினர். இன்று பல நாடுகளின் பொறியாளர்கள் இம்முறையைப் பயன்படுத்துகின்றனர்.

‘ஏ’ பிரிவைச் சேர்ந்த மண்ணில் மணல் மிகுதி. களியின் அளவு பொதுவாக 10 விழுக்காட்டிற்கும் குறைவு. நீர் விரைவாக இறங்கும். வழிந்தோடும் நீர் மிகக் குறைவு. ‘பி’ பிரிவில் களி 10 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும். இது மிதமான அளவில் நீரை ஏற்கும். ‘சி’ பிரிவில் களி 20 முதல் 40 விழுக்காடு வரை உண்டு. இம்மண்ணில் நீர் மெதுவாகவே இறங்கும். ‘டி’ பிரிவில் களி 40 விழுக்காட்டைத் தாண்டிவிடும். இதில் நீர் மிக மெதுவாக இறங்குவதால் பெய்யும் மழையில் பெரும்பகுதி வழிந்தோடும்.

தொடக்கக் காலத்தில் வகுக்கப்பட்ட அளவின்படி, முழுமையாக நனைந்த ‘ஏ’ பிரிவு மண் ஒரு மணி நேரத்தில் 7.6 மில்லிமீட்டருக்கும் அதிகமான நீரை ஏற்கும். ‘டி’ பிரிவு மண்ணோ 1.3 மில்லிமீட்டரைக்கூட எட்டாது.

துகளின் அளவு மட்டுமே பிரிவை முடிவு செய்வதில்லை. மண்ணுக்கு அடியில் சிறிய ஆழத்திலேயே பாறை இருந்தால் இறங்கிய நீர் மேற்கொண்டு செல்ல முடியாது. நிலத்தடி நீர்மட்டம் மேலே இருந்தாலும் இதே நிலைதான். நிரம்பிய குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நீர் வெளியேதான் வழியும். ஆகவே, நீர்மட்டம் தரைக்குக் கீழே 60 சென்டிமீட்டருக்குள் இருக்கும் மணற்பாங்கான நிலத்திற்கு ‘ஏ/டி’ என இரட்டைக் குறியீடு வழங்கப்படுகிறது. வடிகால் அமைத்து நீர்மட்டத்தைத் தாழ்த்தினால் அது ‘ஏ’, இல்லையேல் ‘டி’.

ஒரு நிலம் நீரை ஏற்கும் வேகத்தைக் களத்திலேயே அளக்க முடியும். பெரியதும் சிறியதுமான இரண்டு உலோக வளையங்களை, ஒன்றனுள் ஒன்றாக, மண்ணில் சற்று ஆழமாகப் பதிப்பர். இரண்டிலும் நீர் ஊற்றி, உள்வளையத்தில் நீர்மட்டம் குறையும் வேகத்தைக் குறித்துக்கொள்வர். வெளிவளையத்து நீர் எதற்கு? உள்வளையத்து நீர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்குவதற்கு அது உதவுகிறது.

கருவி இல்லாதவர்களும் மண்ணின் தன்மையை ஓரளவு அறியலாம். கைப்பிடி மண்ணில் சிறிது நீர் தெளித்துப் பிசைந்து உருட்ட வேண்டும். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் அதில் மணல் மிகுதி. உருண்டையைக் கட்டைவிரலால் தள்ளித் தேய்க்கும்போது நீண்ட பட்டையாக வந்தால் களி மிகுதி.

இப்பிரிவுகளால் விளையும் வேறுபாட்டை ஒரு கணக்கு விளக்கும். நன்கு புல் வளர்ந்த திடலில் 100 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்வோம். மேற்கூறிய அமெரிக்கத் துறை வகுத்த முறைப்படி கணக்கிட்டால், திடல் ‘ஏ’ பிரிவு மண்ணில் அமைந்திருக்கும்போது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீரே வழிந்தோடும். ‘பி’ பிரிவில் அது 20 மில்லிமீட்டர். ‘சி’ பிரிவில் 39 மில்லிமீட்டர். ‘டி’ பிரிவில் 51 மில்லிமீட்டர். அதே திடலைத் தார் அல்லது சிமெண்டுத் தளத்தால் மூடிவிட்டால், வழிந்தோடும் நீர் 94 மில்லிமீட்டராகிவிடும். அப்போது கீழே உள்ள மண் எந்தப் பிரிவாக இருந்தாலும் பயனில்லை. நான்கு பிரிவுகளுக்கும் இடையே இருந்த வேறுபாட்டைத் தளம் அழித்துவிடுகிறது.

‘ஏ’ சிறந்த மண், ‘டி’ மோசமான மண் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. இவை மதிப்பெண்கள் அல்ல. மலேசியாவின் நெற்களஞ்சியம் எனப்படும் கெடா மாநிலத்தின் மூடா சமவெளியில் கடல் படிவித்த களிமண் பரந்து கிடக்கிறது. வயலில் நீர் தேங்கி நிற்க வேண்டிய நெற்பயிருக்கு அந்தக் களிமண் பெருந்துணை. பொதுவாக, நெல் விவசாயிகள் சேற்றுழவு செய்து மண்ணின் துளைகளை மேலும் அடைப்பார்கள். நீரை இறங்கவிடாத மண்ணின் குறையே அங்கு நிறையாகிறது.

தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் நிலைமை வேறு. கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களின் கடலோரத்தில் ‘பிரிஸ்’ எனப்படும் மணல்மண் காணப்படுகிறது. நீர் அதில் எளிதாக இறங்கும். ஆனால், உரமும் நீரோடு சேர்ந்து கீழே போய்விடும். கழிவுநீர் கலந்தால் அதுவும் விரைவாக நிலத்தடி நீரை அடைந்துவிடும். மேலும், வடகிழக்குப் பருவமழை தொடர்ந்து பெய்யும்போது, இக்கடலோரத்தின் தாழ்வான பகுதிகளில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடுகிறது. அப்போது மணல் நிலம்கூட மழையை ஏற்க முடியாமல் திணறுகிறது. இரட்டைக் குறியீடு ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இத்தகவல்கள் வகுப்பறையோடு முடிந்துவிடுவதில்லை. புதிய வீடமைப்புப் பகுதி ஒன்று உருவாகும்போது முதலில் மரங்கள் வெட்டப்படுகின்றன. பிறகு மேல்மண் அகற்றப்படுகிறது. வேர்களும் மண்புழுக்களும் பல ஆண்டுகளாக உண்டாக்கிய துளைகள் அதனுடன் மறைகின்றன. கனரக இயந்திரங்கள் எஞ்சிய மண்ணை அழுத்தி இறுக்குகின்றன. முன்பு ‘பி’ பிரிவைப்போல் நீரை ஏற்ற நிலம் ‘சி’ அல்லது ‘டி’ பிரிவைப்போல் நடந்துகொள்ளத் தொடங்குகிறது. அதன்மீது சாலையும் கூரையும் வந்தபின் மழைநீர் முழுவதும் கால்வாய்க்கே செல்கிறது. பழைய நிலத்திற்காகக் கட்டிய கால்வாய் அதைத் தாங்காது. மேட்டில் உள்ள மண்ணை மூடியதன் விளைவைப் பள்ளத்தில் குடியிருப்பவர் அனுபவிக்க நேர்கிறது.

இதனை உணர்ந்தே மலேசிய நீர்ப்பாசன, வடிகால் துறை 2000ஆம் ஆண்டில் மழைநீர் மேலாண்மைக்கான கையேடு ஒன்றை வெளியிட்டது. நீரை விரைவாக ஆற்றுக்குள் தள்ளிவிடுவதற்கு மாறாக, மழை விழும் இடத்திலேயே அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அக்கையேட்டின் அடிப்படை. மழைநீர்த் தேக்கக் குளங்கள், புல் வளர்ந்த கால்வாய்கள், நீர் ஊடுருவும் தளங்கள் ஆகியவை அதற்கான வழிகளாகும். சிங்கப்பூரில் 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நீர்நிலைகளுக்கான ‘ஏபிசி’ திட்டத்தின்கீழ் மழைத் தோட்டங்கள் அமைக்கப்படுகின்றன. அவற்றில் நீர் இறங்குவதற்கும் வடிகட்டப்படுவதற்கும் ஏற்ற மண்கலவையே நிரப்பப்படுகிறது.

இந்த வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் மண்ணின் பிரிவே வழிகாட்டி. ‘ஏ’ பிரிவு நிலத்தில், நிலத்தடி நீர் ஆழத்தில் இருந்தால், நீரை ஊடுருவச் செய்யும் குழிகள் நன்கு பயன்படும். அதே குழியை ‘டி’ பிரிவு நிலத்தில் தோண்டினால் நீர் நாள்கணக்கில் தேங்கி, கொசுக்கள் முட்டையிட இடமளிக்கும். அங்கு நீரைத் தேக்கிவைத்துச் சிறிது சிறிதாக வெளியேற்றும் குளமே ஏற்றது. ஓர் ஊரில் வெற்றி பெற்ற திட்டத்தை மற்றோர் ஊரில் அப்படியே செயல்படுத்த முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மழையைக் குறைக்கும் ஆற்றல் மனிதனிடம் இல்லை. ஆனால், அதை ஏற்கும் மண்ணைக் காப்பதும் மூடிவிடுவதும் மனிதனின் கையில்தான் உள்ளன. அடித்தளம் தோண்டும் முன் மண்ணின் தன்மையை அறிந்து, நீரை நன்கு ஏற்கும் பகுதியைத் திடலாகவோ பூங்காவாகவோ விட்டுவைத்து, எளிதில் ஏற்காத பகுதியில் கட்டடங்களை எழுப்பினால், நிலம் தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை; வரைபடம் போடும்போதே மண்ணைக் கேட்டறியும் வழக்கம் இருந்தால் போதும்.