அசிட்டிக் அமிலப் பார்வைச் சோதனை

அசிட்டிக் அமிலப் பார்வைச் சோதனை (வி.ஐ.ஏ.) என்பது கருப்பை வாய்ப் புற்றுநோயையும், அதற்கு முந்தைய உயிரணு மாற்றங்களையும் வெறுங்கண்ணால் கண்டறிய உதவும் எளிய சோதனை ஆகும். பாப் சோதனைக்குத் தேவையான நுண்நோக்கியோ ஆய்வுக்கூடமோ இதற்குத் தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியரே இதனைச் செய்யலாம்.

செய்முறை

கருப்பை வாயில் 3 முதல் 5 விழுக்காடு வரை செறிவுள்ள அசிட்டிக் அமிலம் தடவப்படுகிறது. இது ஏறத்தாழ சமையலில் பயன்படும் வினிகரின் செறிவே. ஒரு நிமிடம் கழித்துப் பார்க்கையில், இயல்பு மாறிய உயிரணுக்கள் உள்ள இடம் வெண்மையாகத் தெரியும். முடிவு உடனே தெரிந்துவிடுவதே இதன் பெரும் பயன். அழற்சி இருந்தாலும் வெண்மை தோன்றக்கூடும் என்பதால், இச்சோதனை மட்டுமே நோயை உறுதி செய்வதில்லை. மாதவிடாய் நின்றபின், பார்க்கவேண்டிய பகுதி உட்புறம் நகர்ந்துவிடுவதால் இது அவ்வளவாகப் பயன்படுவதில்லை.

திண்டுக்கல் ஆய்வு

இச்சோதனை உயிரைக் காக்கும் என்பதற்கான முக்கிய சான்று திண்டுக்கல் மாவட்டத்தில் கிடைத்தது. 2000 ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வாய்வில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் சேர்க்கப்பட்டனர். சோதனைக்கு அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தனர். ஏனையோர், அதாவது மூவரில் ஒருவருக்கும் மேல், வரவில்லை. ஆயினும், 2007 இல் லான்செட் இதழில் வெளியான முடிவுகளின்படி, சோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. மாற்றம் கண்டறியப்பட்டவர்களில் தகுதியானோருக்கு அதே வருகையின்போதே செவிலியர் உறைநிலைச் சிகிச்சை அளித்தது இங்கு கவனிக்கத்தக்கது.

அரசு மருத்துவமனைகளில்

தமிழ்நாடு அரசு இச்சோதனையை முதலில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடித் திட்டமாகச் செயல்படுத்தியது. 2012 முதல் படிப்படியாக மாநிலம் முழுவதும் விரிவாக்கியது. இங்கு அசிட்டிக் அமிலத்துடன் லூகோல் அயோடின் கரைசலும் பயன்படுத்தப்பட்டது. இயல்பான பகுதி அயோடினை ஏற்றுக் கரும்பழுப்பாகும். மாறிய பகுதி மஞ்சளாகவே நிற்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனை முடிந்தாலும், கால்போசுகோப்பி, திசு ஆய்வு ஆகியவற்றுக்குப் பெரிய மருத்துவமனைக்குச் செல்லவேண்டியுள்ளது. வலியோ வேறு அறிகுறியோ இல்லாத பெண், ஒரு நாள் கூலியை விட்டு அவ்வளவு தொலைவு செல்லத் தயங்குவது இயல்பே. அவ்வாறு செல்லாவிடில் முதற்சோதனையால் அவருக்குப் பயனில்லை.

உலக சுகாதார அமைப்பு 2021 முதல், மனித பாப்பிலோமா வைரசின் டி.என்.ஏ. சோதனையையே முதன்மைச் சோதனையாகப் பரிந்துரைக்கிறது. இதற்கான மாதிரியைப் பெண்கள் தாமே எடுத்துக்கொள்ளலாம்.